எத்தனை மணிக்கு மின்னூட்டுகிறீர்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மின்வாகனங்களைப் பற்றி நான் எழுதிய பதிலில் ஒரு காரின் பேட்டரி ‘60 கிலோவாட்’ என்று அச்சாகியிருந்தது. அது 60 கிலோவாட்-மணி என்று இருந்திருக்க வேண்டும். கிலோவாட் என்பது மின்சாரம் பாயும் வேகம். கிலோவாட்-மணி என்பது பாய்ந்து சேர்ந்த அளவு, அதாவது மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் யூனிட். குழாயின் வேகத்தையும் குடத்தின் கொள்ளளவையும் குழப்பிக்கொண்ட அந்தப் பிழை என்னுடையது. சுட்டிக்காட்டிய வாசகர்களுக்கு நன்றி. இம்முறை வந்துள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டையே சுற்றி வருகின்றன.

கேள்வி: நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறோம் என்றால், மின்வாகனம் என்பது வண்டியின் பின்னால் வரும் புகையை எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு மாற்றிவிடுவதுதானே? இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நடுத்தர அளவுள்ள ஒரு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டர் ஓட 6.5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. (ஒரு கிலோகூட எடையில்லாத பெட்ரோலிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் வாயு எப்படி வரும் என்று முன்பு ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது; கூடுதல் எடை அதனுடையது.) ஆக, வண்டியின் பின்புறக் குழாயிலிருந்து மட்டும் 15 கிலோ. கச்சா எண்ணெயைத் தோண்டி எடுத்து, கப்பலேற்றி, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதற்காக இதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் மொத்தம் 18 கிலோ ஆகிறது.

அதே அளவுள்ள மின்கார் அதே தொலைவுக்கு 16 யூனிட் அளவில் செலவழிக்கும். சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாக வீணாவதைக் கூட்டினால் பிளக்கில் 18 யூனிட் இழுக்கிறது. மின்கம்பிகளில் வழியெல்லாம் இழக்கப்படுவதையும் கூட்டினால் மின்நிலையத்தில் 19.5 யூனிட் உற்பத்தியாக வேண்டியிருக்கும். ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி. 2014இல் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு வகை மின்சாரத்துக்கும் கட்டுமானம் முதல் எரிபொருள் வரை சேர்த்த வாழ்நாள் உமிழ்வைத் தருகிறது. யூனிட் ஒன்றுக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, பெரிய சூரியமின் பூங்கா 48, நிலத்தில் நிறுவிய காற்றாலை 11. இவை நடுமதிப்புகள், பழைய நிலக்கரி நிலையங்கள் ஒரு கிலோவையும் தாண்டும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். முழுக்க நிலக்கரியில் என்றால் 16 முதல் 19.5 கிலோ, அதாவது பெட்ரோல் காருக்கும் அதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எரிவாயுவில் 9.6 கிலோ. சூரிய ஒளியில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. உலகின் மொத்த மின்னுற்பத்தியைச் சராசரியாக எடுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 470 கிராம் வருகிறது. அதன்படி 9 கிலோவுக்குச் சற்று மேல், பெட்ரோலில் பாதி.

நிலக்கரியில் ஓடும்போதுகூட மின்கார் படுமோசமாகத் தோற்காததற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடுகிறது. மின்மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சக்கரத்துக்குத் தந்துவிடும். அனல்மின் நிலையத்தில் நேரும் பெரிய இழப்பை இந்தச் சிக்கனம் ஈடுகட்டுகிறது.

கார்களைப் பற்றியே எல்லாரும் கேட்பதால் இருசக்கர வாகனங்கள் மறைந்துபோகின்றன என்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை. 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரின் மொத்த உமிழ்வு ஐந்தரை கிலோ. மின் ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்வது 3 யூனிட்தான். இழப்புகளைச் சேர்த்து, பழைய நிலக்கரி நிலையத்திலிருந்தே வந்தாலும் மூன்றரை கிலோவைச் சற்றே தாண்டும். காருக்கு ஐயத்துக்குரியதாக இருக்கும் அதே மின்சாரத்தில் ஸ்கூட்டர் தெளிவாக வென்றுவிடுகிறது.

கேள்வி: பேட்டரியைத் தயாரிக்கும்போதே பெரும் உமிழ்வு நேர்ந்துவிடுகிறது என்று படித்தேன். அந்தக் கடன் எப்போது அடைபடும்?

பதில்: கடன் என்ற சொல்லே பொருத்தமானது. பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், தயாரிப்பின்போது 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. தொழிற்சாலை எந்த மின்சாரத்தில் இயங்குகிறது என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்கும். 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 60 யூனிட் கொள்ளளவுள்ள கார் பேட்டரிக்கு நாலரை டன். வண்டியின் மற்றப் பகுதிகளை இரு கார்களுக்கும் சமமாகக் கொள்ளலாம்.

முந்தைய பதிலின் கணக்குப்படி, உலகச் சராசரி மின்சாரத்தில் ஓடும் மின்கார் 100 கிலோமீட்டருக்கு 9 கிலோ மிச்சப்படுத்துகிறது. ஆகவே கடன் அடைய 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீர்மின்சாரமும் காற்றாலையும் மிகுந்த நாட்டில் 27,000 கிலோமீட்டர் போதும். புதிய நிலக்கரி நிலையத்தை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டிப் போகும். பழைய நிலக்கரி நிலையமென்றால் கடன் அடைபடவே அடைபடாது. இதனால்தான், ‘மின்கார் நல்லதா கெட்டதா’ என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. பெட்ரோல் கார் வாங்கிய நாளில் எவ்வளவு உமிழ்ந்ததோ அதையேதான் பன்னிரண்டாம் ஆண்டிலும் உமிழும், வயதானால் சற்றுக் கூடுதலாகவும் உமிழும். மின்காரோ, மின்கட்டமைப்பு மாறும்போது தானும் மாறிவிடுகிறது. பிரிட்டனில் 2012இல் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. 2012இல் அங்கே ஒருவர் வாங்கிய மின்கார், ஒரு திருகைக்கூட மாற்றாமலே ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகிக்கொண்டு வந்திருக்கிறது.

கேள்வி: வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் பொருத்தியிருக்கிறேன். பகலில் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே கொடுத்துவிட்டு, இரவில் காரை மின்னூட்டும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முடிவில் கொடுத்ததும் எடுத்ததும் சரியாக இருக்கின்றன. என் கார் சூரிய ஒளியில் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாமா?
– மகிழ்ச்சியான மின்கார் உரிமையாளர்

பதில்: பணக் கணக்கில் சொல்லிக்கொள்ளலாம். புகைக் கணக்கில் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. உங்கள் மகிழ்ச்சியைக் குறைப்பது என் நோக்கமல்ல; ஆனால் இந்தப் பத்தியில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தியே உங்கள் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மின்கட்டமைப்பில் மின்சாரம் சேர்ந்து கிடப்பதில்லை. தேவையும் உற்பத்தியும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். நீங்கள் இரவு எட்டு மணிக்கு ஏழு கிலோவாட் சார்ஜரை இயக்கினால், அதே நொடியில் எங்கோ ஒரு மின்நிலையம் ஏழு கிலோவாட்டைக் கூடுதலாகத் தந்தாக வேண்டும். எந்த நிலையம் அது? சூரியமின் பூங்காக்கள் அடங்கிவிட்டன. காற்றாலைகள் அடிக்கிற காற்றுக்கு ஏற்கெனவே முழுமையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்காகக் காற்று கூடுதலாக வீசப்போவதில்லை. அணுமின் நிலையங்கள் பெரும்பாலும் ஒரே அளவில் ஓடுபவை. அணை நிரம்பிய நீர்மின் நிலையம் இருந்தால் அது ஈடுகொடுக்கும். இல்லையேல் எரிவாயுவோ நிலக்கரியோதான் சற்றுக் கூடுதலாக எரியும். ஆகவே உங்கள் நாட்டு மின்சாரத்தில் பாதி தூய்மையானது என்று ஆண்டறிக்கை சொன்னாலும், உங்கள் பிளக்கைச் சொருகியதால் கூடிய அந்தக் கடைசி யூனிட் முழுக்கக் கரியிலிருந்து வந்திருக்கலாம். வல்லுநர்கள் சராசரி உமிழ்வு, விளிம்புநிலை உமிழ்வு என்று இவ்விரண்டையும் பிரித்துப் பேசுகிறார்கள்.

நண்பகலில் நிலைமை தலைகீழாக மாறக்கூடும். கலிபோர்னியாவில் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு, 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 34 லட்சம் மெகாவாட்-மணி காற்று, சூரிய மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாமலோ, கொண்டுசெல்லக் கம்பியில்லாமலோ நிறுத்திவைத்தது; அதில் மிகப் பெரும்பகுதி சூரிய மின்சாரம். நம் யூனிட்டில் சொன்னால் 340 கோடி. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு மின்காருக்கு 2,160 யூனிட் வேண்டும் என்றால், 15 லட்சம் கார்களுக்கு மேல் ஓராண்டு ஓட்டியிருக்கலாம். அந்த மிச்சம் பெரும்பாலும் இளவேனில் மாதங்களின் பகல்களில் குவிகிறது என்பதால் நடைமுறையில் முழுவதையும் பயன்படுத்த முடியாது. ஆனால் அப்படி வீணாகும் வேளையில் ஒருவர் காரைச் செருகினால், கூடுதலாக எதுவும் எரிவதில்லை.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். நீங்கள் பகலில் வெளியே தரும் யூனிட், அந்நேரத்தில் ஒரு நிலக்கரி நிலையத்தைச் சற்றே தணிய வைத்தால், இரவில் நீங்கள் எடுப்பதோடு அது ஏறத்தாழ நேராகிவிடும். பகலில் ஏற்கெனவே சூரிய மின்சாரம் வழிந்துகொண்டிருக்கும் இடமென்றால், உங்கள் யூனிட் இன்னொரு சூரியமின் பூங்காவைத்தான் நிறுத்திவைக்கிறது. இரவில் நீங்கள் எடுப்பது மட்டும் கரிக் கணக்கில் ஏறுகிறது. பகலில் வீட்டிலோ பணியிடத்திலோ மின்னூட்ட வழியிருந்தால் அதைச் செய்யுங்கள். உங்கள் மின்கட்டணத்தில் ஒரு மாற்றமும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

கேள்வி: ஓட்டும் செலவில் மின்கார் எவ்வளவு மலிவு? நாட்டுக்கு நாடு விலை மாறுவதால் பொதுவான விதி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மேலே எடுத்துக்கொண்ட கார்களில் 6.5 லிட்டர் பெட்ரோலின் வேலையை 18 யூனிட் செய்கிறது. ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை 2.8ஆல் வகுங்கள். நீங்கள் ஒரு யூனிட்டுக்குத் தரும் கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் மின்கார் மலிவு. வீட்டு இணைப்பில் பெரும்பாலான நாடுகளில் இந்தத் தேர்வில் எளிதில் தேறிவிடும். நெடுஞ்சாலை விரைவு சார்ஜர்களில் யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மூன்று மடங்காக இருப்பதுண்டு, அங்கே லாபம் கரைந்துவிடும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு மறைவான பகுதியும் உண்டு. பெட்ரோல் விலையில் கணிசமான பங்கு வரி. அதுவே பல நாடுகளில் சாலைக்கான பணம். மின்கார் ஓட்டுபவர் அதைச் செலுத்துவதில்லை. இது நெடுநாள் நீடிக்காது. நியூசிலாந்து 2024 ஏப்ரல் 1 முதல் மின்கார்களிடமும் ஓடிய தொலைவுக்கு ஏற்பச் சாலைக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற அரசுகளும் இந்த வழிக்கு வரும் என்றே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும்தான் உலகிலேயே மலிவு என்கிறார்கள். அவை பெருகப் பெருக மின்கட்டணம் குறைய வேண்டாமா? பல நாடுகளில் ஏறிக்கொண்டல்லவா போகிறது? யாராவது பொய் சொல்கிறார்களா?

பதில்: யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு பொருள்களின் விலையை ஒரே பெயரில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

‘மலிவு’ என்று சொல்லப்படும் எண், மின்நிலையத்தைக் கட்டி, வாழ்நாள் முழுவதும் நடத்த ஆகும் செலவை, அது தரும் மொத்த யூனிட்டால் வகுத்து வருவது. மின்நிலையத்தின் வாசலில் அதன் விலை அது. அந்த எண்ணுக்குக் கடிகாரம் தெரியாது. நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் அதற்கு ஒன்றே. வாங்குபவருக்கோ அவை ஒன்றல்ல. ஒரு பகுதியிலுள்ள சூரியத் தகடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்து ஒரே நேரத்தில் அடங்குகின்றன. பத்தாயிரம் பேர் ஒரே பொருளை ஒரே மணியில் சந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன விலை கிடைக்கும்? ஜெர்மனியின் மொத்த விற்பனை மின்சந்தையில் 2024ஆம் ஆண்டில் 450 மணி நேரத்துக்கும் மேலாக விலை சுழியத்துக்குக் கீழே போயிற்று. மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவர் காசு கொடுத்தார் என்று பொருள். அதே ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும், காற்றும் வெயிலும் இல்லாத நாள்களில், விலை விண்ணைத் தொட்டது. இருண்ட வானமும் அசையாத காற்றும் சேர்ந்து வரும் இந்த நாள்களுக்கு ‘டுங்கல்ஃப்ளௌட்டெ’ என்று ஜெர்மானியர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே சேரும் செலவுகள் வேறு. நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடங்கள் பெரும்பாலும் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து உயரழுத்தக் கம்பி இழுக்க வேண்டும். அந்தக் கம்பியை உச்ச உற்பத்திக்கு ஏற்பக் கட்ட வேண்டும், ஆனால் சூரியமின் பூங்கா ஆண்டுச் சராசரியில் தன் முழுத்திறனில் நான்கில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ தருவதால் கம்பி முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கும். வெயில் அடங்கும் நேரத்துக்காக எரிவாயு நிலையங்களையும் வைத்துப் பராமரிக்க வேண்டும். அவை குறைந்த நேரமே ஓடினாலும் கடனும் சம்பளமும் குறைவதில்லை.

சேமிப்புதான் தீர்வு என்று அடுத்த கேள்வி வரும். ஓரளவுக்கு ஆம். லித்தியம் பேட்டரிகளின் விலை 2010 முதல் ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்துவிட்டது. ஆனால் சேமிப்பின் செலவு, எத்தனை முறை நிரப்பி எத்தனை முறை காலிசெய்கிறோம் என்பதைப் பொறுத்தது. நண்பகலில் நிரப்பி இரவில் காலிசெய்யும் பேட்டரி ஆண்டுக்கு 365 முறை தன் விலையை மீட்கிறது. மழைக்காலத்துக்கென்று வெயில்காலத்தில் நிரப்பிவைக்கும் பேட்டரி ஆண்டுக்கு ஒரே முறை மீட்கிறது. ஆகவே அதன் வழியாக வரும் ஒவ்வொரு யூனிட்டும் 365 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஒரு நாளுக்குள் மின்சாரத்தை நகர்த்த பேட்டரி ஏற்றது. பருவத்திலிருந்து பருவத்துக்கு நகர்த்த அது ஏற்றதல்ல. அதற்கு மலைநீர்த்தேக்கம் வேண்டும், அல்லது அண்டை நாட்டோடு கம்பி இணைப்பு வேண்டும், அல்லது எரிபொருள் வேண்டும். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து எடுக்க முடிவதற்கு, நார்வே, சுவீடனின் நீர்மின் நிலையங்களோடு அதற்குள்ள இணைப்பு ஒரு பெரிய காரணம்.

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பல நாடுகளின் மொத்த விற்பனைச் சந்தையில், அந்த மணிநேரத்தில் கடைசியாக அழைக்கப்படும் நிலையம் கேட்கும் விலையே எல்லாருக்கும் விலை. அந்தக் கடைசி நிலையம் பெரும்பாலும் எரிவாயு. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோது, காற்றாலையின் செலவு ஒரு காசும் கூடாதபோதும் மின்சார விலை முழுவதும் எரிவாயுவோடு சேர்ந்து ஏறியது. அந்த ஏற்றத்துக்குக் காற்றாலையைக் குறை சொன்னவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

என் கணிப்பில், மொத்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை காற்றையும் வெயிலையும் சேர்ப்பதற்கான கூடுதல் செலவு பெரும்பாலான இடங்களில் தாங்கக்கூடியதே. தென் ஆஸ்திரேலியா 70 விழுக்காட்டை எட்டி, பெரும் பேட்டரிகளோடும் அண்டை மாநிலக் கம்பிகளோடும் சமாளிக்கிறது. கடைசிப் பத்து விழுக்காடுதான் பணத்தை விழுங்கும்.

கேள்வி: காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் அனல்மின் நிலையங்கள் தணிந்தும் எழுந்தும் ஓட வேண்டியிருக்கிறது. அப்படி ஓடுவதால் வீணாகும் நிலக்கரி, காற்றாலையால் கிடைத்த மிச்சத்தைத் தின்றுவிடாதா?

பதில்: தின்னும், ஆனால் கொறிக்கும் அளவுதான். போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டி, கிலோமீட்டருக்குக் கூடுதல் எரிபொருள் குடிப்பதைப் போல, பாதிச் சுமையில் ஓடும் அனல்மின் நிலையமும் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக எரிக்கிறது. குளிர்ந்த கொதிகலனை மீண்டும் சூடேற்றவும் எரிபொருள் வேண்டும். ஆனாலும் நெரிசலில் நிற்கும் வண்டி, நெடுஞ்சாலையில் பாயும் வண்டியைவிட மணிக்குக் குறைவாகவே எரிக்கிறது அல்லவா? அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம், அந்நாட்டின் மேற்குப் பகுதி மின்கட்டமைப்பில் மூன்றில் ஒரு பங்கு காற்றும் வெயிலும் ஆனால் என்னவாகும் என்று ஆராய்ந்து 2013இல் அறிக்கை தந்தது. கரியமில வாயு 29 முதல் 34 விழுக்காடு வரை குறையும் என்றும், ஏறி இறங்கி ஓடுவதால் வரும் இழப்பு அதற்கு முன்னால் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றும் அது கண்டது. கந்தக டை ஆக்சைடில் மட்டும் எதிர்பார்த்த குறைப்பில் சில விழுக்காடு இழக்க நேரிடும். உங்கள் ஐயம் நிலையங்களின் தேய்மானச் செலவைப் பற்றியதாக இருந்திருந்தால் இன்னும் வலுவாக நின்றிருக்கும்.

கேள்வி: எல்லாரும் மின்காருக்கு மாறிவிட்டால் மின்கட்டமைப்பு தாங்குமா?
– மின்பணியாளர் ஒருவர்

பதில்: நீங்களே இந்தத் துறையில் இருப்பதால், பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன், மற்றவர்களுக்காக விரித்து எழுதுகிறேன்.

பத்து லட்சம் மின்கார்கள் உள்ள ஒரு பகுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு அவற்றுக்கு 216 கோடி யூனிட் வேண்டும். இதை ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் சமமாகப் பரப்பினால் தேவைப்படும் திறன் சுமார் 250 மெகாவாட். ஒரு சிறிய மின்நிலையம் போதும். இப்போது அந்தப் பத்து லட்சம் பேரும் ஒரே நேரத்தில் ஏழு கிலோவாட் சார்ஜரைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,000 மெகாவாட்! கார்கள் அவையே, யூனிட்டுகளும் அவையே. மணி மட்டும்தான் வேறு. எல்லாரும் ஒரே நொடியில் போடுவது நடக்காது என்றாலும், 250க்கும் 7,000க்கும் இடையில் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தே எத்தனை மின்நிலையங்களும் கம்பிகளும் கட்ட வேண்டும் என்பது அமையும்.

நெருக்கடி முதலில் தெரிவது பெரிய மின்நிலையங்களில் அல்ல, தெருமுனை டிரான்ஸ்பார்மரில்தான். நூறு கிலோவோல்ட்-ஆம்பியர் (அதிகபட்சம் நூறு கிலோவாட் என்று கொள்ளலாம்) திறனுள்ள ஒன்றின் கீழ் பத்து வீடுகளில் ஒரே நேரத்தில் கார் மின்னூட்டினால், எழுபது கிலோவாட் அதற்கே போய்விடும். பகல் முழுவதும் சூடான டிரான்ஸ்பார்மர் எண்ணெய் இரவில் ஆறுவது வழக்கம். இரவெல்லாம் மின்னூட்டம் நடந்தால் அது ஆறுவதற்கு நேரமில்லாமல் உள்ளே காப்புத்தாள் விரைந்து மூப்படைகிறது.

இதற்கு நள்ளிரவில் கட்டணத்தைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். குறைத்துப் பார்த்தார்கள். சலுகை தொடங்கும் நொடியில் எல்லா டைமர்களும் ஒன்றாக விழித்துக்கொள்ள, புதிதாக ஓர் உச்சம் நள்ளிரவில் முளைக்கக்கூடும் என்று தெரியவந்தது. பிரிட்டன் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இதை எளிய முறையில் கையாள்கிறது: அங்கே விற்கப்படும் வீட்டு சார்ஜர் ஒவ்வொன்றும், மின்னூட்டத்தைத் தொடங்குமுன் தன்போக்கில் பத்து நிமிடம் வரை ஏதோ ஓர் இடைவெளியில் காத்திருக்க வேண்டும், உச்சநேரத்தைத் தவிர்ப்பதே அதன் தொடக்க அமைப்பாக இருக்க வேண்டும். காத்திருப்பது கார் உரிமையாளருக்குத் தெரிவதுகூட இல்லை. பல கோடி செலவில் செய்ய வேண்டிய வேலையைச் சில வரி நிரல் செய்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: காரின் பேட்டரியிலிருந்து மின்கட்டமைப்புக்கே திருப்பித் தரலாம் என்கிறார்களே, நடக்குமா?

பதில்: தொழில்நுட்பமாக நடக்கும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெட் கெம்ப்டன் 1997இலேயே சக ஆய்வாளரோடு சேர்ந்து இந்த யோசனையை முன்வைத்தார். தனியார் கார் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காடு நேரம் சும்மா நிற்கிறது. அதன் 60 யூனிட் பேட்டரியால், நாளுக்குப் பத்து யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை ஆறு நாள் நடத்த முடியும்.

போகவர இழப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. நண்பகல் வெயிலை ஏற்றி இரவில் இறக்கினால் புகைக் கணக்கில் லாபம். நள்ளிரவு நிலக்கரியை ஏற்றி மறுநாள் மாலை எரிவாயுவுக்குப் பதிலாக இறக்கினால் உமிழ்வு கூடிவிடும், பணம் மட்டும் மிஞ்சும். மின்னூட்டும் நேரத்தைத் தள்ளிவைப்பதாலேயே கிடைக்கக்கூடிய பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்பதால், திருப்பித் தருவதை இரண்டாம் கட்டமாகவே நான் பார்க்கிறேன். குறித்த நேரத்தில் ஓடி மற்ற நேரமெல்லாம் நிற்கும் பள்ளிப் பேருந்துகளுக்கு இது இப்போதே பொருந்தும்.

கேள்வி: ஹைட்ரஜன் கார் வந்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமா?

பதில்: மின்கட்டமைப்புக்குத் தொல்லை கூடும். 100 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் ஏறத்தாழ 70 யூனிட் அளவு ஆற்றல் நிற்கிறது. அதை அழுத்தி, கொண்டுசென்று, எரிபொருள் கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கும்போது முப்பதோ சற்று மேலோ மிஞ்சும். பேட்டரிக் காரில் இது எண்பதை ஒட்டி இருக்கிறது. எஃகு உருக்கவும் உரம் தயாரிக்கவும் ஹைட்ரஜனுக்கு வேலை இருக்கிறது, காருக்கு இல்லை.

கேள்வி: நல்ல நிலையில் ஓடும் பெட்ரோல் கார் என்னிடம் இருக்கிறது. மின்கட்டமைப்பு தூய்மையாகும்வரை காத்திருக்கலாமா, இப்போதே மாறிவிடலாமா?

பதில்: உங்கள் காரின் ஓடோமீட்டரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், உலகச் சராசரி மின்சாரத்தில் பேட்டரிக் கடனை அடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவர் இருக்கும் காரையே பராமரித்து ஓட்டுவது நல்லது. அதே தொகைக்கு வீட்டு மாடியில் சூரியத் தகடு பொருத்தினால் பெரும்பாலும் கூடுதல் பயன் கிடைக்கும். நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு அதே கடன் ஓராண்டுக்குள் அடைந்துவிடும். அவர் காத்திருப்பதில் பொருளே இல்லை. நடுவில் இருப்பவர்கள், இப்போதுள்ள கார் ஓய்வுபெறும் வயதுக்கு வரும்போது மாறலாம். நீங்கள் விற்கும் பெட்ரோல் கார் மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் கையில் ஓடத்தான் போகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த வேறொருவர் அதைவிடப் பழைய காரைக் கழித்துக்கட்டுகிறாரா, பேருந்திலிருந்து காருக்கு மாறுகிறாரா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், பகலில் மின்னூட்ட வழியுண்டா என்ற இரண்டையும் எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் உங்களுக்கெனத் தனியாகக் கணக்கிட்டுத் தருகிறேன்.